எட்டாம் வகுப்பின் விழாத் தேதி

12 டிசம்பர் 2011, திங்கள்

எட்டாம் வகுப்புக்குப் பட்டை வரைபடம் எடுத்தேன். புத்தகத்தில் இருக்கும் கோதுமை உற்பத்தியைக் காட்டினால் எல்லோரும் கொட்டாவிதான் விடுவார்கள். அதனால், "பொங்கலுக்கு நம்ம வகுப்புல விழா வைப்போம், என்னென்ன வேணும்னு நீங்களே கேட்டுக் கணக்கெடுங்க" என்றேன். வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. எழிலரசி ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் கேட்டுக் குறி போட்டுக்கொண்டு வந்தாள். பிரியாணிக்கான பட்டை தாளைத் தாண்டி ஓடுகிறது. "அளவைச் சுருக்கணும் டீச்சர்" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது? நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை! சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

9 ஜனவரி 2012, திங்கள்

டிசம்பர் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு இன்றுதான் பள்ளி. மின்சாரம் இல்லை. வழியெல்லாம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. வகுப்பில் பாதி பெஞ்சு காலி. விழாவைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

20 ஜனவரி, வெள்ளி

எழிலரசி பள்ளிக்கே வராததால் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் — சுவர் இருக்கிறது, மேலே நீலத் தார்ப்பாய். அவள் அப்பா தங்கராசு குத்தகைக்கு எடுத்திருந்த முந்திரித் தோப்பு மொத்தமும் போய்விட்டது. திருப்பூர்ப் பக்கம் ஏதோ நூல் மில்லுக்கு ஒரு ஏஜெண்டு ஆள் எடுக்கிறானாம். மூன்று வருஷம் வேலை, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகக் கொடுப்பார்களாம். பதிமூன்று வயதுப் பெண்ணைப் பதினாறு என்று அவர்களே எழுதிக்கொள்வார்களாம்.

"முந்திரி மறுபடி காய்க்க எத்தன வருஷம் ஆவும் டீச்சர்? அதுவரைக்கும் என்னாத்த திங்கறது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விழா வரைக்குமாவது ஸ்கூலுக்கு அனுப்புங்கண்ணே, எல்லாத்தயும் அவதான் கணக்கெடுத்து வச்சிருக்கா" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "வீடு தேடி வந்துட்டீங்க. சரி, விழா முடியட்டும். அப்புறந்தான் மில்லுக்கு அனுப்புவேன்."

பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. பரீட்சை வரைக்கும் என்று கேட்டிருக்கலாம். பத்தாவது வரைக்கும் என்று கேட்டிருக்கலாம். போயும் போயும் ஒரு விழாவையா கேட்ட? லூசாடி நீ, பிரிசில்லா?

23 ஜனவரி, திங்கள்

எழிலரசி வந்துவிட்டாள். அப்பா சொன்னதைப் பக்கத்துப் பெஞ்சில் சொல்லியிருக்கிறாள், அது வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. சார்லஸ் எழுந்து, "டீச்சர், பொங்கல் போயிடுச்சு. விழாவுக்குப் புதுசா தேதி கேக்கணும், ஓட்டுப் போடணும்" என்றான். பலகையில் நான்கு தேதி எழுதினேன். அத்தனை ஓட்டும் ஏப்ரல் முப்பதுக்கு. கடைசி வேலை நாள்! வரைபடத்தில் மற்ற மூன்று தேதிக்கும் மேலே வெறும் தாள்.

பட்டையை எழிலரசியே வரைந்தாள். வண்ணம் தீட்டி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய் நன்றாக அழுதேன்.

3 பிப்ரவரி, வெள்ளி

ஏஜெண்டு மறுபடி வந்து நச்சரித்தானாம். "டீச்சருக்கு வாக்கு குடுத்துட்டேன்" என்று தங்கராசு திருப்பி அனுப்பிவிட்டாராம். நல்ல மனுஷன்.

14 பிப்ரவரி, செவ்வாய்

தலைமையாசிரியர் ராமாமிர்தம் சார் எங்கள் வரைபடத்தைப் பற்றி மேலிடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி பார்க்க வருகிறாராம். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

17 பிப்ரவரி, வெள்ளி

அதிகாரி வந்தார்.

அந்த ஒற்றைப் பட்டையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே மனசா இருக்காங்களே! இதுக்கு ஏன் ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும்? இன்னிக்கே வைங்க. போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றார். எல்லாம் முன்பே பேசி வைத்ததுதான் போல. கடலூரிலிருந்து பிரியாணிப் பொட்டலங்கள் வந்து இறங்கின. பலகையில் 'எட்டாம் வகுப்பு விழா' என்று தலைமையாசிரியரே எழுதினார்.

அதிகாரியைத் தனியாகக் கூப்பிட்டு மில் விஷயத்தைச் சொன்னேன். "அது வேற டிபார்ட்மெண்ட் மேடம், அப்புறம் பேசிக்கலாம்" என்று போட்டோவுக்கு நின்றார்.

சார்லஸ் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "இது விழா இல்லதான டீச்சர்?"

"இல்லடா. இல்லவே இல்ல."

20 பிப்ரவரி, திங்கள்

எழிலரசியின் இடம் காலி. அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"நேத்து வண்டி வந்துச்சு, அனுப்பிட்டேன்" என்றார் தங்கராசு. "வெள்ளிக்கிழமையே விழா நடந்துடுச்சே டீச்சர். தங்கச்சிக்குன்னு பொட்டலத்த அப்படியே வூட்டுக்குக் கொண்டாந்தா. நான் சொன்ன வார்த்தைய மீறல."

மீறவில்லை.

5 மார்ச்

பதிவேட்டில் எழிலரசி பெயருக்கு எதிரே 'நீண்ட விடுப்பு' என்று போடச் சொல்கிறார்கள். போட்டேன்.

30 ஏப்ரல், திங்கள்

கடைசி வேலை நாள். பிள்ளைகள் யாரும் விழாவைப் பற்றிக் கேட்கவில்லை. மணி அடித்தும் ரொம்ப நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

11 ஜூன், திங்கள்

தங்கராசு சின்ன மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். ரொம்ப இளைத்திருக்கிறார். பெரியவளைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிளம்பும்போது அவரே, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நேத்து போன் பண்ணா டீச்சர். அஞ்சு நிமிசந்தான் பேச வுடறாங்க. தங்கச்சி கிளாஸ்ல விழாவுக்குத் தேதியே வக்க வேணாம்னு டீச்சர்ட்ட சொல்லுப்பான்னா. அதயே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு வச்சிட்டா."

"வக்க மாட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.