பாபிரியேவுக்குப் பேய்ப் புத்தகங்கள்

ஆகஸ்ட் 6

கடையில் இன்று மூன்று தலை பின்னினேன். விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை. பாபிரியே இன்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவருகே வைத்த வாழைக்காய் மத்தோகே வைத்தபடியே ஆறிப்போயிருந்தது. என்ன கேட்டாலும் ‘ம்’தான் பதில். பதினேழு வயதுப் பெண் வாயில் வேறு சொல்லே இல்லையா?

நாத்தனார் வந்திருந்தாள். ஜூனில் நகாட்டோ பறந்துபோனதிலிருந்து அதே பாட்டு. இரட்டையில் ஒன்று பறந்தால் மற்றதும் பின்னாலேயே போகப் பார்க்குமாம், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள் என்கிறாள். பார்க்காமல் என்ன செய்கிறேன்? உள்ளே அவள் இருமினால்கூட இங்கே எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.

எங்களில் இரட்டைப் பிள்ளைகளுக்கு அந்த இன்னொரு சொல்லைச் சொல்வதில்லை. பறந்துவிட்டாள் என்பதுதான். மலேரியா மூளைக்கு ஏறிய அன்று டாக்டர்கூட, “நகாட்டோ பறந்துட்டா, நலோங்கோ” என்றுதான் சொன்னார். இரட்டை பெற்றவள் என்பதால் மசாகா ஊர் முழுக்க எனக்கு நலோங்கோ என்றே பெயர். இப்போதும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அதற்கு நன்றி சொல்லவேண்டும். பெயரையாவது யாரும் பாதியாக்கவில்லை.

ஆகஸ்ட் 9

மருந்துக்கடை நந்துமே வந்தாள். அவளுக்கு நூல்போல மெல்லிய பின்னல்தான் வேண்டும். உட்கார்ந்தால் மதியச் சாப்பாடும் நாற்காலியிலேயே. கையில் வழக்கம்போல ஒரு பேய் நாவல். திகிலான இடம் வந்தால் சத்தமாக வேறு படிப்பாள், என் விரல்கள் தன்னால் இறுகிவிடும். பேய் புத்தகத்தில் இருக்கும்போது தன் மண்டையை ஏன் பிடுங்குகிறாய் என்று சண்டைக்கு வந்தாள். சிரித்துவிட்டேன். ஜூனுக்குப் பிறகு கடையில் நான் சிரித்தது இன்றுதான்.

பாபிரியேவைப் பற்றிக் கேட்டாள். சர்ச்சிலிருந்து வந்த ஆறுதல் புத்தகங்களெல்லாம் பிரிக்காமல் கிடக்கின்றன என்றேன். முன்பு என்ன படிப்பாள் என்றாள். இரண்டுமே பேய்க்கதைப் பைத்தியம், நான்தான் திட்டிக்கொண்டே இருப்பேன் என்றேன்.

“அப்ப அதையே குடு. ஆறுதல் சொல்ற புத்தகத்தப் பாத்தா எனக்கே எரிச்சலா வரும்.”

போகும்போது கையிலிருந்ததையே விட்டுப்போனாள். தான் இன்னும் முடிக்காததை! அட்டையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

சாப்பாட்டுத் தட்டோடு புத்தகத்தையும் வைத்தேன். தட்டு அங்கேயே இருக்கிறது. புத்தகம் உள்ளே போய்விட்டது.

ஆகஸ்ட் 13

டாக்ஸி ஸ்டாண்டு நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிற முக்கீபியிடம் போனேன். என் பிள்ளைக்கு நல்ல பேய் நாவலாகக் கொடுங்கள் என்று கேட்க நாக்கு கூசியது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. படிக்கிறவருக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டார். எனக்கு எல்லாவற்றையும் கண்டால் பயம் என்றேன்.

“உங்களுக்கில்ல ன்யாபோ. புள்ளைக்கு.” அம்மா என்கிற மரியாதையோடுதான் ன்யாபோ என்றார்.

என்ன சொல்வேன்? தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை! அவரே நாலைந்து பொறுக்கிக் கொடுத்தார். படித்துவிட்டு எப்படி இருந்தது என்று வந்து சொன்னால் போதும், அடுத்தது அதை வைத்துத்தான் தரமுடியும் என்றார்.

வரும் வழியில் ஒரு முடிவு எடுத்தேன். எதுவானாலும் முதலில் நான் படிப்பேன். பூதமோ சாபமோ மிருகமோ, போகட்டும். செத்தவர் திரும்பி வருகிற கதை மட்டும் அந்த அறைக்குள் போகக்கூடாது. அவளை அது கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டால்?

ஆகஸ்ட் 21

என்னைப்போலப் பயந்தாங்கொள்ளி இந்த ஊரில் கிடையாது. எனக்கு வந்த விதியைப் பார்!

ஏரி நாவல்: ஏரி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறது, மீனவர்கள் சந்தோஷமாக அந்த மண்ணில் குடிசை போடுகிறார்கள், ஒரு நாள் ஏரி தன் இடத்தைக் கேட்டு வருகிறது. பேயே கிடையாது. காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு படித்தேன். யாரையும் தைரியமாகப் படிக்கச் சொல்வேன்.

கரும்புத்தோட்ட நாவல் இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. காவல்காரனை அவன் குரலிலேயே எதுவோ கூப்பிடுகிறது. அது என்ன என்று கடைசிவரை காட்டவில்லை. அதைப் படித்ததிலிருந்து குளிக்கும்போது கண்ணை மூடுவதில்லை, சோப்பு எரிகிறது.

வகுப்பில் ஒரு பிள்ளை கூடுதலாக உட்கார்ந்திருக்கிற கதையை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

எழுதுகிறவர்கள் சும்மா பூச்சாண்டி காட்டுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு வீட்டைக் காட்டிப் பயமுறுத்துவதற்கு முன்னால் அந்த வீட்டை நாம் விரும்பும்படி செய்துவிடுகிறார்கள். விரும்பாத வீட்டுக்குள் எது வந்தால் நமக்கென்ன?

தட்டு இப்போதெல்லாம் பாதி காலியாகத் திரும்பி வருகிறது. முக்கீபி நன்றாக இருக்கவேண்டும்.

ஆகஸ்ட் 30

நாத்தனார் புத்தகங்களைப் பார்த்துவிட்டாள். பேயை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாயா என்று கத்தினாள். நானும் கத்தினேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அவளுக்கும் அவை அண்ணன் பிள்ளைகள்தானே. அத்தனை கூச்சலுக்கும் பாபிரியே கதவைத் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. போவாளா? எழுந்தாவது வருவாளா?

செப்டம்பர் 5

எல்லாவற்றுக்கும் ராஜா இதுதான் என்று நந்துமே ஒன்று கொண்டுவந்தாள். உண்மைதான். அப்படி ஒரு எழுத்து! ஏரிக்கரை வீட்டில் தனியாக இருக்கிற ஒரு பெண். மழை பெய்யும் ஒவ்வொரு சாயங்காலமும் யாரோ பின்கதவைத் தட்டுகிறார்கள். அவள் திறப்பதே இல்லை. வெளியூர் போன தங்கையை நினைத்துக்கொண்டே இருக்கிறாள்.

கடைசி அத்தியாயத்தில்தான் குண்டு. தட்டுவது யார் என்று அங்கேதான் தெரிகிறது. இதையா என் பிள்ளைக்குக் கொடுப்பது? ஆனால் மீதியெல்லாம் தங்கம். கொடுக்காமல் இருக்கவும் மனம் வரவில்லை.

கடைசி அத்தியாயத்தைக் கிழித்துக் கரி அடுப்பில் போட்டுவிட்டேன். பழைய புத்தகம்தானே, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

செப்டம்பர் 8

இன்று நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

நந்துமேவுக்குப் பாதித் தலை பின்னியிருந்தேன். இன்னும் இரண்டு பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். முற்றம் தாண்டிக் கடை வாசலில் வந்து நின்றாள் பாபிரியே. செருப்பில்லை, தலை சிக்குப்பிடித்துக் கிடந்தது. கையில் அந்தப் புத்தகம்.

“கடைசி அத்தியாயம் எங்கம்மா?”

எத்தனை வாரம் கழித்து ஒரு முழு வாக்கியம்! அந்தச் சந்தோஷத்தில் பழைய புத்தகம், விழுந்திருக்கும் என்று உளறினேன். கிழித்த தழும்பைக் காட்டினாள். நந்துமே கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். எரித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

“தட்டுனது யாரு? அவ கதவத் தொறந்தாளா இல்லையா?”

திறக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

“தொறந்தா. தங்கச்சிதான் நின்னா. அவ ஊருக்கெல்லாம் போகல. அந்த ஏரியிலதான் முழுகிப் போயிருக்கா.”

அப்புறம் என்ன என்றாள். சொன்னேன். தங்கை எதுவும் கேட்கவில்லை, தலையைத் துவட்டிவிடச் சொல்கிறாள். அக்கா துணியெடுத்துத் துவட்டுகிறாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் நிற்கவில்லை, கூந்தலிலிருந்து ஏரி வந்துகொண்டே இருக்கிறது. விடியும்போது வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் அக்கா மட்டும் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

பெஞ்சிலிருந்த ஒருத்தி தன் கூந்தலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“இதுக்கா பயந்தீங்க?” என்றாள்.

“நீயும் அவ பின்னாலயே போயிருவியோன்னு பயந்தேன்டீ.”

“பறந்துட்டா, பறந்துட்டான்னே எல்லாரும் சொல்றீங்க. பறந்தது திரும்பி வந்து உக்காரும்ல? தெனமும் சன்னலப் பாத்துட்டே படுத்திருக்கேன்மா. செத்துட்டான்னு இந்தப் புத்தகங்கள்லதான் சொல்றாங்க. நீங்க யாருமே சொல்ல மாட்டேங்குறீங்க.”

ஐயோ, என் பிள்ளையே. எத்தனை சன்னல், எத்தனை ராத்திரி. நாங்க வாய மூடிக்கிட்டோம், இவ காத்துக்கிட்டே இருந்திருக்கா.

சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன், அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஏன் வழக்கத்தை மீறுகிறாய் என்று அந்தப் பெஞ்சுப் பெண்கள் கேட்கவில்லை. பாதித் தலையோடு நந்துமே எழுந்து போய்க் கடைக்கதவைச் சாத்தினாள். நாங்கள் அழுது முடிக்கும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இங்கேயும் எழுதிவிடுகிறேன். நகாட்டோ செத்துப்போனாள். என் பிள்ளை ஜூன் மாதம் செத்துப்போனாள்.

செப்டம்பர் 9

வேர்க்கடலைக் குழம்பு. அடுப்பங்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

செப்டம்பர் 16

மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அம்மா தணிக்கை அதிகாரி என்று கேலி செய்தாள். தலையைப் பின்னிவிட்டேன், சிக்கெடுக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை.

எரித்ததற்குப் பதிலாக முக்கீபியைத் தேடச் சொல்லி நந்துமேவுக்கு முழுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள். கிழிந்ததையே வைத்துக்கொள்வாளாம், நான் சொன்ன முடிவுதான் நன்றாக இருந்ததாம். பைத்தியம். நூறு வருஷம் இருக்கட்டும்.

செப்டம்பர் 22

பள்ளிக்கூடம் போனாள். ஒற்றையாக நடந்து போவதைப் பார்க்க முடியவில்லை, பார்த்தேன். திருப்பத்தில் நாத்தனார் காத்திருந்து கூடவே போனாள். நான் அவளிடம் கேட்கவேயில்லை.

அக்டோபர் 4

சனிக்கிழமைகளில் கடையில் இருக்கிறாள். வருகிறவர்களுக்கு அவள்தான் புத்தகம் சொல்கிறாள். எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. கணவனை இழந்த ஒருத்தி தயங்கித் தயங்கி, ஆள் திரும்பி வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். என் சீப்பு அப்படியே நின்றது. பாபிரியே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெல்லிய குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. பாபிரியே எனக்கென்று ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தாள், இதில் ஆரம்பித்தால் அம்மாவும் தேறிவிடுவீர்கள் என்று. பட்டப்பகல்தான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து கயிறு தானாக மேலே வருகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எழுந்துபோய் அவள் அறைக்கதவைத் தட்டினேன். எந்த இடம் என்று உள்ளேயிருந்தே கேட்டாள். கயிறு என்றேன். சிரித்தாள்.

கட்டிலில் நகர்ந்து சுவர்ப்பக்கம் இடம் விட்டாள். அது நகாட்டோ படுக்கிற பக்கம். படுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்தோம். நான் எழுத்தெழுத்தாகப் போகிறவள். அவள் எப்போதோ பக்கத்தின் அடிக்குப் போய்விட்டாள். திருப்பாமல் எனக்காகக் காத்திருந்தாள்.