மாத்திரையும் காப்புக் கயிறும்

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா காளியம்மாள் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி மதிவதனியும் சுகமா? இங்கே நானும் உங்க அப்பாவும் நலம். அவரையும் சேர்த்து நலம் என்று கூசாமல் எழுதி எவ்வளவு காலமாச்சு, அதனால் இன்னொரு தடவையும் எழுதிக்கொள்கிறேன், இரண்டு பேரும் நலம்.

போனில் சொல்லலாம்தான், ஆனால் உங்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லு இதைச் சொல்லு என்று குறுக்கே புகுந்துவிடுவார். பொங்கலுக்கு வரலாமா, அப்பா நிஜமாகவே தேறிவிட்டாரா என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பேத்தியின் காதுகுத்தில் குடித்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு தடுமாறினாரே, பக்கத்து வீட்டு சாமிதுரை அண்ணன் பிடிக்காவிட்டால் குழந்தை அடுப்பில் விழுந்திருக்கும். அன்றைக்குப் போனவள் நீ. உன்மேல் தப்பே இல்லை. அதற்கப்புறம்தான் தஞ்சாவூர் டாக்டரிடம் போனோம். மனச்சோர்வு ஒரு நோய், குடி ஒரு நோய், இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம், ஒன்றை விட்டால் அது மற்றதை இழுத்துக்கொண்டு வரும் என்றார். மாத்திரை கொடுத்தார், நன்றாகத்தான் போனது. ஆடியில் அய்யனார் கோயிலில் இனி போதையைத் தொடமாட்டேன் என்று நம் ஊர் வழக்கப்படி காப்புக் கயிறும் கட்டிக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்த மனுஷன் செய்த காரியத்தைக் கேள். மாத்திரை போட்டாலும் கண் சொக்குதே, அப்போ அதுவும் போதைதானே, சாமி கண்ணைக் குத்திவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் அத்தனையையும் பரண்மேல் போட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் தூக்கம் போச்சு, சோறு இறங்கவில்லை. ஊரே சம்பா நடவில் நிற்கிறது, இவர் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறார். மறுபடி குடிப்பாரோ என்பதைவிட, தண்ணீரில் இறங்கிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். சாமிதுரை அண்ணனைக் கூப்பிட்டேன். அவரும் குடியை விட்டவர், ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு இவரைக் கூட்டிப்போகிறவர். வந்தவர் மாத்திரை போடுறியா என்று ஒன்றுதான் கேட்டார். இவர் கயிற்றைக் காட்டினார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஒரு நடை, பூசாரி பஞ்சநதத்திடம் ஒரு நடை கூட்டிப்போனார். டாக்டர் கண் சொக்காத மருந்தாக மாற்றிக் கொடுத்து, என்னைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று கண்டித்தார். பூசாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரே படையல் வைத்த கையோடு சுகர் மாத்திரை போடுகிறாராம், அய்யனார் இதுவரை கோபித்துக்கொண்டதில்லையாம். மாத்திரை அட்டைக்கு விபூதி பூசிக் கையில் கொடுத்தார். இப்போது பிரசாதம் மாதிரி பயபக்தியோடு விழுங்குகிறார். தூங்குகிறார், வயலுக்குப் போகிறார், களை பறிக்க வந்த பெண்களிடம் வம்பளக்கிறார், என் குழம்பில் உப்பில்லை என்று குறை வேறு. குறை சொல்லக்கூட வாய் திறக்காமல் கிடந்தவர், சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாம் அடியோடு சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் முகம் வாடுகிறது, ஆனால் இன்றைக்கு மனசு சரியில்லை என்று அவரே வந்து சொல்லிவிடுகிறார்.

நல்லதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மாத்திரையை நிறுத்தியதையும் எழுதச் சொன்னது அவர்தான், மறைத்து மறைத்துத்தான் வீடு கெட்டது என்றார். வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். துண்டை உதறி மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டும். புள்ளைய என் கையில குடுக்கணும்னு இல்ல. எதிர்ல உக்கார வச்சாப் போதும், பாத்துக்கிட்டு இருப்பேன்."

நான் அவர் மாதிரிப் பெருந்தன்மைக்காரி இல்லை, பொங்கலுக்கு டிக்கெட் போடு. வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. உங்கள் மூவருக்கும் அய்யனார் ஒரு குறையும் வைக்கமாட்டார். குழந்தைக்கு என் முத்தம், தாத்தாவுடையதையும் சேர்த்துக் கொடு.

வாசலைப் பார்த்திருக்கும்
உன் அம்மா காளியம்மாள்