சாய்ந்த எழுத்து

அம்மணி, இதை நான் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேசப் பேச அதுவே எழுத்தாக்கிக்கொள்கிறது. புகுந்த வீட்டிலிருந்து வந்திருக்கும் மகள் கொஞ்சம் படித்துக் காட்டினாள். நான் சொன்னதும், பக்கத்து வீட்டுக்காரர் "தண்ணி வந்துருச்சுங்களா" என்று குறுக்கே கேட்டதும் ஒரே ஓட்டமாக வந்திருந்தன. எது யார் பேச்சு என்று ஓர் அடையாளமும் இல்லை. இப்போது மகள்தான் குறி போட்டுத் தருகிறாள். உடனே உங்கள் நினைப்பு வந்தது.

கருமத்தம்பட்டியில் உங்கள் டைப் கடை. எதிரே கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், பின்னால் தறிச் சத்தம். எங்கள் கோயில் கமிட்டி ஊர்க்கதைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே நான் கத்திச் சொல்ல, நீங்கள் அடிப்பீர்கள். ஒருநாள் மாடு வாங்கப் போனவன் கதையை ஆரம்பித்து, மாட்டை விற்றவனின் மாமியார் வரைக்கும் போய்விட்டேன். நீங்கள் கையை எடுத்துவிட்டு, "ஏனுங்ணா, அவரு மாட்ட வாங்குனாருங்ளா இல்லீங்ளா?" என்று கேட்டீர்கள்.

பேச்சு வரும் இடத்திலெல்லாம் முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டிருந்தீர்கள். படிக்கத் தெரியாத என் கண்ணுக்குத் தாளெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

"இந்தக் கொக்கியெல்லாம் எதுக்குங்க அம்மணி? எடுத்துப்போடுங்க."

"எடுத்தா யாரு பேசறாங்கன்னு எப்படிங்ணா தெரியும்?"

"நான் கொரல மாத்திச் சொல்றனல்லங்க, அந்த மாதிரி எழுத்த மாத்திப்போடுங்க."

சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டு, பேச்சை மட்டும் சாய்ந்த எழுத்தாக்கினீர்கள். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

அதில் ஒரு கதை, எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் நிஜமாகவே நடந்த அண்ணன் தம்பி கிணற்றுச் சண்டை. அண்ணன்காரன் ஆத்திரத்தில், "சின்னவன் வம்சமே தண்ணி திருடுன வம்சம்" என்பான். கமிட்டிக்காரர்கள் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டபோது சாய்வு போய்விட்டது. குறியும் இல்லை. அண்ணன்காரன் சொன்னது நானே சொன்னதாக நின்றது. அந்தச் சின்னவன் வம்சத்தில்தான், வெள்ளகோவிலில், என் மகளைக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

தலை ஆடி வந்தது. மகளையும் மருமகனையும் நோம்பிக்கு, பண்டிகை விருந்துக்கு, அழைக்கப் போனேன். சம்பந்தி உட்காரச் சொல்லவில்லை. "திருட்டு வம்சத்துல பொண்ணக் குடுத்துப்போட்டு, நோம்பி வேறயா உங்களுக்கு?" என்றார். அனுப்ப முடியாது என்றுவிட்டார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு, லேப்டாப்போடு என்னுடன் பஸ் ஏறினீர்கள். சாய்ந்த எழுத்தைச் சம்பந்திக்குக் காட்டினீர்கள்.

"இது கதையில அண்ணங்காரன் பேசறதுங்க. கொக்கி போடாம உட்டது என் தப்புதானுங்க. இவரு மேல ஒண்ணுமில்லீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி திரையைப் பார்த்துவிட்டு, "தொழிலு தெரியாதவங்ககிட்டக் குடுத்தா இப்படித்தான்" என்றார். மகள் நோம்பிக்கு வந்தாள். கமிட்டியும் தப்பு உங்களுடையது என்றே எண்ணி, மீதிக் கதைகளை உங்களிடம் கொடுக்காமல் ஈரோட்டில் வேறு கடைக்குக் கொண்டுபோனது.

அப்புறமும் நீங்கள் அடித்த கதைகளை விடவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் இங்கே ஆரம்பம், இங்கே முடிவு, பேசுவது இன்னார் என்று கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி உள்ளேயே எழுதிவைத்தீர்கள். "சாய்வுங்கறது உடுத்துன துணிங்ணா, எடம் மாறுனாக் கழண்டுக்கும். இது பச்சை குத்துன மாதிரி" என்றீர்கள். அப்போதும் என்னைக் குத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் கண்மூடி, உங்கள் காரியத்துக்கு நான் வந்துபோன அதே வாரம் வெள்ளகோவில் போனேன். குறியை எடுக்கச் சொன்னது நான்தான் என்று சம்பந்தியிடம் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களக் கடிச்சா வெச்சிருப்பன்?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தம்மணியத் தொழிலு தெரியாதவங்கன்னு சொல்லிப்போட்டனே" என்றார்.

கமிட்டியிலும் போய்ச் சொன்னேன். "சரிங்க, இப்ப அதுக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அம்மணி.