மூன்று பேர் நிற்காத படம்

அம்மருட்,
புதன்கிழமை, நவம்பர் 5.

அன்பு மகள் ஆரணிக்கு,

எனக்கும் அம்மாவுக்கும் காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை, அந்த அளவுக்குச் சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மருமகன் சயூரனும் துரொண்ட்ஹெய்மில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து எழும்பி, சுகமாக இருக்க வேண்டும். இன்று காலை ஒன்பது இருபதுக்கு மாமா காணாமல் போன விடயத்தைப் பார்க்கும் பொலிஸ் அதிகாரி தொலைபேசியில் உறுதிப்படுத்திய செய்தி இது: நேற்றுச் செவ்வாய், அணைக்குக் கீழே ஆற்றோரப் பாதையில், மரவேலிக் கட்டை ஒன்றில் மாட்டியிருந்த சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை வரதராசா மாமாவுடையதுதான். காப்பகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குச் செய்வது போல நீ அவருடைய உடுப்பெல்லாவற்றிலும் ஒட்டிவிட்ட பெயர்த்துண்டு, என் தொலைபேசி இலக்கத்தோடு, அதற்குள் அப்படியே இருக்கிறதாம். நாயோடு நடக்கப் போன ஒரு பெண் கண்டு கொடுத்திருக்கிறார். அவர் கண்டது வேலியில். நிலத்திலிருந்து எடுத்து வேலியில் மாட்டியது யார், எந்த இடத்தில் எடுத்தார், எந்த நாள் என்பது தெரியாது. ஆகவே கையுறை அங்கே விழுந்தது என்று சொல்ல முடியாது, அங்கே மாட்டப்பட்டிருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இதை உனக்குக் காலையிலேயே போனில் சொன்னோம். ஆனால் போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுப் போன் எப்போதும் சத்தமாகப் போட்டு மேசையில் கிடக்கும், அம்மா பக்கத்தில் இருப்பா. அதனால்தான் கடிதம். நாளைக்குத் தண்ணீரில் இறங்கித் தேடப் போகிறார்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் நான் அந்த முடிவுக்கு ஏற்றபடி எழுதிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், முப்பது வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன், ஆட்கள் அப்படிச் செய்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே தெரியுமுன் எழுதுகிறேன்.

நீ வந்து நின்ற ஐந்து நாளும் மழைக்குள் காட்டுப் பாதையெல்லாம் நடந்தாய், மரத்துக்கு மரம் மாமாவின் படம் ஒட்டினாய், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒழுங்காக யாரும் உனக்குச் சொல்லவில்லை. அம்மா அழுதா, நான் தேநீர் போட்டேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். ஒக்டோபர் 26. எங்கள் அடுக்குமாடிச் சங்கம், இலையுதிர் காலத்தை அவரவர் படம் எடுத்துத் தாருங்கள், பொது அறைச் சுவரில் மாட்டுவோம் என்று மின்தூக்கிக்குள் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பழைய கமராவைச் சார்ஜ் பண்ணி எடுத்தேன். கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள், அம்மா விரதம், காலையில் கோயிலுக்குப் போய்வந்து பாலும் பழமும்தான், வீட்டிலேயே படுத்திருக்கச் சொன்னேன், காற்றுப் பட்டால் நல்லது என்று தானும் வந்தா. மாமாவைத் தனியே விட முடியாது என்பது உனக்குத் தெரியும். தன் லில்லெஸ்ட்ரோம் வீட்டை விட்டு எங்களிடம் வந்த இந்த எட்டு மாதத்தில் இரண்டு தரம் கதவைத் திறந்துகொண்டு போய், வேலை விட்டுப் பதினொரு வருடமாகியும் தபால் பிரிக்கப் போகிறேன் என்று ரயில் நிலையத்தில் நின்றவர். மூன்று பேரும் ஒன்றரை மணிக்கு இறங்கினோம்.

அன்று நல்ல வெளிச்சம். பேர்ச் மரங்களில் பாதிக்கு மேல் கொட்டிவிட்டது, மிச்சம் மஞ்சளாக நின்றது. பள்ளிக்கூடத்து மதிலோரம் இலைக்குள் சில்லுவரை புதைந்த ஒரு சிறுபிள்ளைச் சைக்கிளை எடுத்தேன், நான்காம் கட்டடத்துக் கண்ணாடிகளில் வெயில் விழுந்ததை எடுத்தேன். பிறகு கீழே பூங்காவுக்குப் போகும் பாதையில், ஒரு கம்பிவேலியில் சிவப்பு நிறச் சின்னக் கையுறை ஒன்று மாட்டியிருந்தது, விழுந்ததைக் கண்டவர்கள் உரியவர் தேடி வந்தால் தெரியட்டும் என்று இங்கே செய்வார்களே. அதையும் எடுத்தேன். மாமா, ஆர் மச்சான் இதை இஞ்சை விட்டது, என்று கேட்டார். சொன்னேன். பத்தடி நடந்து திரும்பவும் கேட்டார், சொன்னேன். மூன்றாம் தரம் கேட்டபோது நான் கமராத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாதான், ஒரு குழந்தைப்பிள்ளையின்ரை அண்ணை, தாய் வந்து எடுப்பா, என்றா. அவர், அப்ப பிள்ளைக்குக் கை குளிருமெல்லோ என்று சொல்லித் தன் கையுறை ஒன்றைக் கழற்றி அதுக்குப் பக்கத்தில் மாட்டப் போனார். நான் பறித்துத் திரும்ப அவர் கையில் போட்டுவிட்டேன். கொஞ்சம் பலமாகவே போட்டுவிட்டேன்.

அணையடிக்கு மூன்று மணிக்கு வந்தோம். தண்ணீர் கறுப்பாக, மேலே இலை மிதந்தபடி கிடந்தது. அப்போது இரண்டாம் மாடிக் கரோலினா நாயோடு வந்தா, போலந்துக்காரி, உன் கல்யாணத்துக்கு வந்து வடையை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டவ. கமராவைத் தாருங்கள், நீங்களே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் எப்போது படத்தில் நிற்பது என்று சிரித்துக்கொண்டு வாங்கினா. நாங்கள் தண்ணீரை முதுகுப்பக்கம் விட்டு நின்றோம். மூன்று பேர். உனக்குத் தெரியும், மூன்று பேர் நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று அம்மா நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறா, எந்தக் கொண்டாட்டத்திலும் தலை எண்ணி, ஒன்று ஆளைக் கூட்டுவா இல்லாவிட்டால் குறைப்பா, உன் பட்டமளிப்பில் முன்பின் தெரியாத ஒரு நோர்வேக்காரக் கிழவரைப் பிடித்து நாலாவதாக நிறுத்தினவ. அதற்காக அவவை நான் பகிடி பண்ணாத இடமில்லை. அன்று நான்தான் மாமாவைப் பார்த்து, மூண்டு பேர் கூடாது மச்சான், நீ கொஞ்சம் தள்ளி நில் என்றேன். கையாலும் காட்டினேன். கரோலினா அவரையும் வரச்சொல்லித் தலையை ஆட்டினா. அவருக்குப் படம் எடுப்பது பிடிக்காது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பேருக்கு இரண்டு காரணம், இரண்டும் உண்மையில்லை. எனக்கு அந்த நம்பிக்கை என்றைக்கும் இருந்ததில்லை. அவர் கோட்டுத் தெறி ஒன்று துளை மாறிப் பூட்டியிருந்தது, மூக்கு ஓடிக்கொண்டிருந்தது, படம் பொது அறையில் பெயரோடு மாட்டப்படும். அதில் அவர் வேண்டாம் என்று நினைத்தேன். இவ்வளவுதான் பிள்ளை காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவர் கோபிக்கவில்லை. ஓமோம், மூண்டு ஆகாது, என்று சிரித்துக்கொண்டு நான் காட்டிய பக்கம் நகர்ந்தார். இரண்டு தரம் கேட்ட பதிலை மறந்தவர் இதை மறக்கவில்லை. அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொல் அது. முதல் படம் சரியில்லை என்று இன்னும் இரண்டு எடுப்பித்தேன், பிறகு கமராவை வாங்கிக் கரோலினாவோடு நின்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கமராக் கணக்கில் 16.12க்கு முதல் படம், 16.16க்குக் கடைசிப் படம். அன்று விடியக் குளிர்கால நேரத்துக்காக மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டார்கள், கமராவில் நான் மாற்றவில்லை, ஆகவே உண்மையில் 15.12, 15.16. நிமிர்ந்து பார்த்தபோது அவர் இல்லை. முதல் கால்மணி நேரம் நான் பதறவும் இல்லை, ஏதோ மரத்துக்குப் பின்னால் நிற்பார் என்று அம்மாமீது எரிந்து விழுந்தேன். ஐந்தேகாலுக்குள் இருட்டிவிட்டது. அன்று இரவு பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை.

பொலிஸ் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு முப்பது வருட நோர்வேஜியம் அன்று வாயில் வரவில்லை, தமிழ்தான் வந்தது. மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுக்கட்டுமா என்று கேட்டார்கள், தேவையில்லை, நானே சொல்கிறேன் என்றேன். அவர் ஏன் உங்களோடு நிற்காமல் விலகிப் போனார் என்று கேட்டபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டு, நான்தான், நான்தான் அண்ணையைத் தள்ளி நிக்கச் சொன்னனான், மூண்டு பேரெண்டு சொன்னனான், என்றா. ஐந்து நாள் விரதம், தலைச்சுற்று, நாற்பது வருடமாகச் சொல்லிவந்த சொல், தான் சொன்னதாகவே நினைத்துவிட்டா. நான் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நோர்வேஜியத்தில் சொன்னேன். அந்த அதிகாரி எழுதிக்கொண்டார். கமரா நேரம் ஒரு மணித்தியாலம் பிழை என்று அதே இருப்பில் நான் அவரைத் திருத்தினேன், அவர் நன்றி சொன்னார். எந்தப் பக்கம் போனார் என்பதையும் சரியாகச் சொன்னேன், அதில் தேடுதலுக்குப் பிழை வரவில்லை. ஆள் மாறியதை மட்டும் திருத்தவில்லை. கரோலினாவுக்குத் தமிழ் தெரியாது.

அடுத்த நாள் சூரன்போர், அதற்கடுத்த நாள் காலை பாறணை, கோயிலில் எல்லாரும் விரதம் முடித்துச் சாப்பிட்டார்கள். அம்மா முடிக்கவில்லை. இன்றைக்குப் பதினைந்தாம் நாள், ஒருவேளை பால், சில நாள் அதுவும் இல்லை. நீ நின்ற நாட்களில் உனக்குப் பயந்து இரண்டு வாய் சாப்பிட்டா, நீ ரயில் ஏறிய அன்று மாலையிலிருந்து பழையபடிதான். என்ரை வாயாலைதான் அண்ணை போனவர், அந்த வாய்க்கு ஏன் சோறு, என்கிறா. கோயிலில் வரதராசா மாமாவைத் தெரிந்த பெண்கள், அது விதி அக்கா, நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னீங்கள் என்று ஆறுதல் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் உனக்கும் அவ அதைத்தான் சொன்னா, நீயும், அம்மா உங்களுக்கெத்தினை தரம் சொன்னனான் இந்த மூடநம்பிக்கையை விடுங்கோ எண்டு, என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டாய். பிறகு மன்னிப்புக் கேட்டாய், ஆனால் அவ அந்த முதல் வசனத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறா. அது எனக்கு வரவேண்டிய வசனம். நீ அதை அவவிடமிருந்து திரும்ப எடுக்க வேண்டும், அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

கமராவின் நினைவட்டையைப் பொலிஸ் கொண்டுபோயிருந்தது, திங்கட்கிழமை திருப்பித் தந்தார்கள். இன்று அம்மா கோயிலுக்குப் போன பிறகு கணினியில் போட்டுப் பார்த்தேன். நான் சரியில்லை என்று சொன்ன முதல் படத்தில், நான் கமராவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன். அம்மா கமராவைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் முகத்தைத் திருப்பி, வாய் திறந்தபடி, கையை நீட்டியிருக்கிறா. விரல்கள் உள்ளுக்கு மடிந்திருக்கின்றன. வா என்று கூப்பிடும் கை. அவ எண்ணிப் பார்க்கக்கூட இல்லை, அண்ணை கிட்ட வாங்கோ, என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தா, இப்போது எனக்கு அது காதில் கேட்கிறது. அந்தக் கை படத்தைக் கெடுக்கிறது என்றுதான் நான் அன்று மறுபடி எடுப்பித்தேன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இரண்டு பேரும் ஒழுங்காக நிற்கிறோம். மாமா மூன்றிலும் இல்லை. அன்று அவர் எப்படி இருந்தார் என்று காட்ட ஒரு படமும் இல்லாமல்தான் நீ எட்டு வருடத்துக்கு முந்தின படத்தை மரங்களில் ஒட்டினாய். அன்று எண்பத்தியொரு படம் எடுத்தேன், இலையும் வேலியும் கட்டடமும். ஒன்றிலாவது அவர் இருக்கிறாரா என்று மூன்று தரம் பார்த்துவிட்டேன். ஒன்றில் நிலத்தில் ஒரு நிழல் இருக்கிறது, அது அவருடையதா என்னுடையதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீ இதை வாசித்து என்னோடு கதைக்காமல் விட்டால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். ஆனால் அம்மாவோடு ஒவ்வொரு நாளும் கதை. இரவு வேலை முடிந்து காரில் வரும்போது கவனம், அங்கே இப்போது பாதை உறையத் தொடங்கியிருக்கும், குளிர்காலச் சில்லு இன்னும் மாற்றவில்லை என்று சயூரன் சொன்னான், இந்தக் கிழமையே மாற்றச் சொல். நீ வேலையில் மற்றவர்களின் தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்பவள், உன்னையும் பார்த்துக்கொள். முருகன் உங்கள் இருவருக்கும் துணை, நீண்ட ஆயுளும் சுகமும் தரட்டும். நீ குழந்தையாக இருந்தபோது மாமா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்ன ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் இருக்கும்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை அளவில் உன் கைக்கு வரும். அதற்குள் இரண்டு விடயம் தெரிந்திருக்கும். ஒன்று, நாளை வியாழன் காலை ஒன்பது மணிக்கு அணைக்குள்ளும் அதன் கீழ் மடுவிலும் சுழியோடிகள் இறங்குகிறார்கள், வெள்ளி மாலை மூன்று மணிக்குள் பதில் சொல்வதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். மற்றது, முதல் படத்தைக் கடதாசியில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை எட்டு மணிக்கு, அவர்கள் தண்ணீரில் இறங்க ஒரு மணித்தியாலம் முன்பு, அதை அம்மாவின் முன்னால் வைத்து, அவவின் கையைக் காட்டி, யார் என்ன சொன்னது என்று சொல்வேன். பிறகு பொலிஸுக்கும் சொல்வேன். சோறு வைக்க அரிசி இப்போதே கழுவி வைத்திருக்கிறேன். அவ சாப்பிடுவாவா என்பது தெரியவில்லை.

அன்புடன்,
உன் அப்பா
இரத்தினவேல்