குளியலறைத் தாழ்ப்பாள்

"ஒரு தாழ்ப்பாளுக்கா இவ்வளவு விலை?"

"உள்ள மாட்டிக்கிட்டது நீங்களா, நானா?"

"அதான் திறந்து விட்டேன்ல..."

"ரெண்டு மணி நேரம் கழிச்சு!"

அத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மீதியை எழுதி வைக்கிறேன்.

நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் வாங்கிய அந்த மலிவுத் தாழ்ப்பாளை மாற்றும் வரை இந்த வீட்டில் குளிக்க மாட்டேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, நீங்களே சுடவைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்குத் தச்சர் வருவார். "எதைப் போடட்டும் சார்?" என்று கேட்டால், "இருக்கறதுலயே மலிவா ஒண்ணு" என்று வாயைத் திறக்காதீர்கள். கனமான பித்தளைத் தாழ்ப்பாள் சொல்லியிருக்கிறேன். உங்கள் துணி அலமாரிக்கு வேண்டுமானால் மலிவானதைப் போடச் சொல்லுங்கள். அதற்குள் யாரும் மாட்டிக்கொள்ளப் போவதில்லை.

பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்கியபோது மட்டும், "நல்ல பொருள்னா விலை இருக்கத்தான் செய்யும்" என்றீர்கள். நல்ல பொருள்தான். நான் கதவைத் தட்டியது ஒன்றுகூட அதற்குள் நுழையவில்லை.

பி.கு.: மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால். மறந்துவிட்டு என்னைச் சொல்லாதீர்கள்.

இன்னும் ஒன்று. நான் முதலில் கூப்பிட்டபோது நீங்கள் ஹெட்போனை மாட்டவே இல்லை. உங்கள் சிநேகிதரோடு போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கிளம்பும் முன் நான் கேட்க நினைத்தது இதுதான்:

"நீங்க சிரிச்சது எனக்கு உள்ள கேட்டுச்சு. நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலியா?"