எலுமிச்சைக்கு நுரைத்த கல்

பாய், என் முன்னால் இரண்டு தரைத் துண்டுகள் கிடக்கின்றன. இரண்டும் வெள்ளைச் சில்லு பதித்த மொசைக். உடைந்த ஓரத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். ஒன்று பொசபொசவென்று நுரைத்தது. மற்றது எதுவும் நடக்காதது போலக் கிடந்தது. நீ அன்றைக்குச் செய்து காட்டியதைத்தான் செய்தேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு செய்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

தி.நகர் கல்யாண மண்டபத்தை இடிக்கிறார்கள். நேற்று பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூரை இல்லை. தரை மட்டும் வெயிலில் கிடந்தது. வாசல் பக்கத்துப் பாதி, நீ போட்டது, தண்ணீர் ஊற்றினால் முகம் தெரியும். கை கழுவும் பக்கத்துப் பாதி அம்மை வார்த்த முகம் மாதிரி குழிகுழியாக இருந்தது. அது நான் போட்டது.

அந்த வேலைக்கு நீ மேஸ்திரி, நான் உன் கூட்டாளி. முதல் லோடில் வந்தது டோலமைட் சில்லு. "இரும்பு உருக்குற உலைக்கு உள்ளாற பூசுற கல்லு நைனா இது, ரசத்துக்கா பயப்படப் போவுது?" என்று சிரித்தாய். இரண்டாவது லோடு வந்ததும், எந்த லோடு வந்தாலும் செய்வதுபோல, மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து எலுமிச்சை பிழிந்தாய். நுரைத்தது. கரணையைக் கீழே வைத்துவிட்டாய்.

"இது வெறும் சுண்ணாம்புக்கல்லு சார். ரசமும் மோரும் கொட்டுற எடம். ஆசிட் வேற ஊத்திக் கழுவுவாங்கோ. அரிச்சிடும்."

"கல்லுக்கு ஜாதகம் பாக்கிறியா பாய்? வெள்ளையா கீதா, போடு" என்றார் காண்டிராக்டர்.

"சுண்ணாம்புத் தண்ணிகூட வெள்ளையாத்தான் கீது. மோருன்னு குடிப்பியா சார்?"

எல்லோரும் சிரித்தோம். அடுத்த நாள் உன்னை உள்ளே விடவில்லை. சிரித்தவர்களில் ஒருவன்கூட உன் பின்னால் வெளியே வரவில்லை. நானும் வரவில்லை. மீதிப் பாதிக்கு அந்தச் சில்லைக் கொட்டி, உருளை ஓட்டி, மெருகு போட்டவன் நான்தான்.

இரண்டு முகூர்த்த சீசன் தாங்கவில்லை அந்தப் பாதி. மண்டபத்துக்காரர் சத்தம் போட்டதும் காண்டிராக்டர் எங்களைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "இங்க வேல செஞ்சதுக்கு அத்தாட்சி, அவ்ளோதான்" என்றார். கட்டைவிரலை மையில் அமுக்கி வைத்தேன். கூட இருந்தவர்களும் வைத்தார்கள். தரை முழுவதும் நீயே போட்டதாகவும், கலவையில் தண்ணீரை அதிகம் விட்டுக் கெடுத்ததாகவும் அதில் எழுதியிருந்தது.

மண்டபத்துக்காரர் உனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலமே என் வாசலில் வந்து நின்றாய்.

"இன்னா நைனா, ரேகை வெச்சியாமே?"

"எனக்கு இன்னா எழுத்தா தெரியும் பாய்?"

"எழுத்து தெரியாது, சரி. ஒரு வாட்டி படிச்சுக் காட்டுன்னு கேக்க வாய் கீதுல்ல?"

அதற்குப் பிறகு மயிலாப்பூரில் இருந்து அடையாறு வரைக்கும் உன்னைத் தரை வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. நீ மயிலாப்பூர் குளத்தோரம் தள்ளுவண்டியில் கோலப்பொடி விற்றாய். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் வந்தபோது ஒரு மாமி பொடியை விரலில் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பாய், பளிச்சுனு விழறதே, என்ன கல்லு இது?"

"டோலமைட்டும்மா. கல்யாண மண்டபத்துக்குப் போவ வேண்டியது, உங்க வாசலுக்கு வந்திடுச்சு."

மாமிக்குச் சொன்னாய், பார்த்தது என்னை. நான் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

பாய், என் வயிறு எதற்கு எரிகிறது தெரியுமா? மண்டபத்தின் திறப்பு விழாக் கல்லை மட்டும் பத்திரமாகக் கழற்றி, சாக்கு சுற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேனைப் படிக்கச் சொன்னேன். காண்டிராக்டர் பெயர் அதில் இருக்கிறது. நல்ல தரையைப் போட்டவன் பெயர் பழிக் காகிதத்தில், கெட்ட கல்லைக் கொண்டுவந்தவன் பெயர் பளிங்கில்! அங்கே நின்றிருந்த இன்ஜினீயரிடம் இரண்டு பாதியையும் காட்டிச் சத்தம் போட்டேன். "எல்லாம் ஒரே டெப்ரிஸ், இடிச்ச குப்பைதான் பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்றார். எப்படி ஒன்றாகும்? பாதிக்கு ஒன்றாக இரண்டு துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு மருமகள் பேனாவை நிறுத்தினாள். "மாமா, தெரியாம ரேகை வெச்சேன்னு போடவா?"

"அதை அப்பால போடு. கெட்டுப்போன பாதியைப் போட்டவன் நான், பாய் இல்ல. அதை மொதல்ல போடு. அவன் எதுக்கு வெளிய போனான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அதையும் போடு."

போட்டுவிட்டாள். ஆதம்பாக்கத்தில் உன் மகள் இருக்கிறாள். உன் பிழைப்பு போனது உன் கைத் தப்பால்தான் என்று ஊர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். நாளைக்கு இரண்டு துண்டுகளையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் இந்தக் காகிதத்தையும் அவளிடம் கொண்டுபோகிறேன். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். வாசலிலேயே பிழிந்து காட்டுவேன்.

மருமகளை இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன் பாய். கேட்ட பிறகுதான் கட்டைவிரலை மையில் வைக்கிறேன்.