ரொட்டி வண்டியின் வால்வுகள்

ஜனவரி 9

மகன் ஃபோனில் ஏதோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளுமாம். எழுதியதைப் படிக்க எனக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான், எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ரொட்டி வண்டிக்காரம்மா வந்தார். என் வீட்டுக்காரி தவறிப்போன வருஷம்தான் இவர் முதன்முதலாகக் கடைக்கு வந்தார். புருஷன் இருந்தவரை அவர் ஓட்டிய வண்டி, இப்போது இந்த அம்மாவே ஓட்டுகிறார். அன்றைக்கு முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. ஊரில் எல்லாரும் அவருக்கு அண்ணன். நான் மட்டும் மேஸ்திரி. ஏன்? கேட்டதில்லை. கேட்கப் போய் என்னையும் அண்ணனாக்கிவிட்டால்?

ஜனவரி 10

அவர் வண்டியின் இன்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வால்வைத் தள்ளுகிற டேப்பெட்டில் இடைவெளி கூடிப்போய் டக்டக்கென்று அடிக்கிறது. வால்வு முழுசாய்த் திறக்காததால் இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. அளவுத் தகட்டை நுழைத்து சரிசெய்தேன். உருவும்போது, விரலைவிட்டு வர மனசில்லாத மோதிரம்போல, தகடு லேசாய்ப் பிடிக்க வேண்டும்.

கூட வந்த அவர் தம்பி, "பெரிய வால்வாப் போட்டுடுங்கண்ணே, வண்டி பறக்கணும்" என்றான்.

"பறக்குற ரொட்டிய யாருப்பா புடிச்சுத் திங்கிறது?"

அந்த அம்மா சிரித்தார்.

பெரிய வால்வு முழு வேகத்தில் ஓடுகிற வண்டிக்குச் சரி. வாசலுக்கு வாசல் நிற்கிற வண்டிக்குப் போட்டால் இழுவை குறைந்துபோகும், பெட்ரோலையும் குடிக்கும். இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்ததுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

ஜனவரி 22

அன்றைக்கு டேப்பெட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தால் சீக்கிரமே திரும்பி வந்திருப்பார். கை கேட்கவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்ச் 2

ரொட்டி வாசனை அடித்த பிறகுதான் தெருவைப் பார்த்தேன். வண்டி முனை திரும்பிவிட்டது. துளி சத்தம் இல்லை. எல்லாம் நான் வைத்த வால்வு.

மே 14

தம்பிக்காரன் வந்தான். பழைய வண்டியை விற்று, புதுசு வாங்கிவிட்டார்களாம்.

"இதுல டேப்பெட் இடைவெளியே வைக்க வேணாம்ணே. ஆயில் அழுத்தத்துல அதுவே சரிபண்ணிக்குமாம். அக்காதான் நாலு எடத்துல விசாரிச்சு வாங்குச்சு."

"தெரியும்ப்பா. நல்ல வேலை" என்றேன்.

நல்ல வேலைதான். இடைவெளி என்கிற பேச்சே கிடையாது, மைலேஜும் கெடாது. அப்புறம் அவர் எதுக்கு இங்க வரணும் — சொல்லு, எதுக்கு வரணும்?

மே 15

கடை திறக்கவில்லை.

ஜூலை 8

புது வண்டி வாசலில் வந்து நின்றது.

"என்னமோ சத்தம் கேக்குது மேஸ்திரி. டேப்பெட் கொஞ்சம் பாத்துடுங்க."

ஓடவிட்டுக் காதை வைத்தேன். சுவர்க் கடிகாரத்தின் சத்தம்தான் கேட்டது. விசாரித்து வாங்கியவருக்குத் தெரியாதா? சொல்லத் திரும்பினேன். அவர் பெஞ்சைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

பெட்டியிலிருந்து அளவுத் தகட்டை எடுத்துத் துடைத்தேன்.

"கொஞ்சம் நேரம் புடிக்கும்" என்றேன்.

"புடிக்கட்டும். ரொட்டியெல்லாம் போட்டுட்டுத்தான் வந்தேன்."